பூண்டு இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறி அட்டை: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பூண்டுப் பயிரின் பூச்சி மேலாண்மைக்கென்று விற்கப்படும் பொருட்களில், நீல நிற ஒட்டுப்பொறி அட்டைக்குக் கிடைத்த அளவுக்கு முரணான மதிப்பீடுகள் வேறெதற்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அட்டை நிறையப் பூச்சி ஒட்டியிருப்பதைக் கண்டு மனம் குளிர்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே அட்டையைக் கட்டிய பிறகும் பயிர் வெளுத்துப் போனதைக் கண்டு, காசைக் கரியாக்கியதுதான் மிச்சம் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் தாம் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். பல பருவங்களாகப் பூண்டுப் பாத்திகளில் இவ்வட்டைகளைக் கட்டிப் பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையின்மேல் அச்சிட்டிருப்பதுபோல, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்பூச்சியான இலைப்பேனை ஒழிக்கும் கருவியாக இதை வாங்கினால் ஏமாற்றமே கிடைக்கும். இலைப்பேன் எப்போது வயலுக்குள் நுழைகிறது, எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்று அறிவிக்கும் கருவியாக வாங்கினால், கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும்.

பொருளின் அமைப்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மெல்லிய நெகிழித் தகட்டின் இருபுறமும் உலராத பசை பூசி, அதன்மேல் வழவழப்பான பாதுகாப்புத் தாளை ஒட்டி விற்கிறார்கள். மேல் விளிம்பில் கம்பி கோக்க இரண்டு துளைகள் இருக்கும். சில வகைகளில் தகட்டின்மேல் கட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். எண்ணிப் பார்க்கும் நோக்கத்தோடு வாங்குபவர்கள் இந்தக் கட்டம் போட்ட வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். தகடு மிக மெல்லியதாக இருந்தால் காற்றில் சுருண்டு, பசையுள்ள பக்கம் பக்கத்துப் பூண்டு இலையோடு ஒட்டிக்கொள்ளும். விடுவிக்க இழுத்தால் இலை கிழியும். ஆகவே கையில் பிடித்து ஆட்டினால் வளையாமல் நிற்கும் தடிமன் தேவை. பசையின் தரத்தை முதல் வெயிலிலேயே கண்டுகொள்ளலாம்: வெப்பம் ஏற ஏறப் பசை இளகி, கீழ் விளிம்பில் திரண்டு தொங்குமானால், மேல்பாதி சில நாட்களில் பூச்சி ஒட்டாத வெறும் தகடாகிவிடும். நல்ல பசை விரல் பட்டால் நூல் நூலாக இழுபடும். ஆனால் நிறுத்திய இடத்தை விட்டு நகராது. கையில் ஒட்டியதைச் சோப்பு அகற்றாது. சமையல் எண்ணெய் சிறிது தடவித் துடைத்தால் போய்விடும் என்பதை உறையில் அச்சிடலாம், ஏனோ யாரும் அச்சிடுவதில்லை.

அட்டையை மதிப்பிட வேண்டுமானால், அது பிடிக்க வேண்டிய பூச்சியின் வாழ்க்கையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பூண்டைத் தாக்கும் பூச்சிகளில் உலகெங்கும் முதன்மையானது வெங்காய இலைப்பேன். திரிப்ஸ் டபாசி என்பது அதன் அறிவியல் பெயர். முழு வளர்ச்சியடைந்த பூச்சியே ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளம்தான் இருக்கும். பெண் பூச்சி முட்டையை இலையின் மேல் இடுவதில்லை. இலைத் திசுவைக் கீறி அதற்குள் செருகி வைக்கிறது. அதிலிருந்து வெளிவரும் வெளிர்மஞ்சள் குஞ்சுகள் இரண்டு வளர்ச்சிப் பருவங்கள் வரை இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுகின்றன. பிறகு பெரும்பாலானவை மண்ணுக்குள் இறங்கி, உணவின்றிக் கூட்டுப்புழு நிலையைக் கழித்து, இறக்கை முளைத்த பூச்சியாக வெளியேறுகின்றன. நல்ல வெப்பம் நிலவும் காலத்தில் இந்தச் சுற்று இரண்டு முதல் மூன்று வாரங்களில் முடிந்துவிடும். பல இடங்களில் ஆண் பூச்சியே காணக் கிடைப்பதில்லை. பெண் பூச்சி இணைசேராமலேயே பெண் குஞ்சுகளை ஈனுகிறது.

இந்த வாழ்க்கைச் சுற்றில் அட்டைக்கு எட்டுவது எது? முட்டை இலைக்குள் இருக்கிறது, குஞ்சுக்கு இறக்கை இல்லை, கூட்டுப்புழு மண்ணில் கிடக்கிறது. எஞ்சியிருப்பது பறக்கும் பூச்சி ஒன்றுதான். அதிலும் ஓர் இலையிலிருந்து இன்னோர் இலைக்கு ஊர்ந்து செல்வதை விட்டு, காற்றில் எழும்பிப் பறக்கத் துணிந்தவை மட்டுமே நீலத்தைக் கண்டு வந்து ஒட்டும். அவற்றில் ஒன்று முட்டையிட்டு முடித்த பிறகு அட்டைக்கு வந்திருந்தால், அந்தச் சாவால் பயிருக்கு எந்த நன்மையும் இல்லை. இணை தேவைப்படாத பூச்சியாதலால், முட்டையிடத் தப்பிப் பிழைத்த ஒன்றே போதும், அடுத்த தலைமுறை கிளம்பிவிடும். கூரையும் வலைச்சுவரும் கொண்ட மூடிய பந்தலுக்குள் நெருக்கமாக அட்டைகளைக் கட்டும்போது, வெளியிலிருந்து புதிய பூச்சி வராததால், எண்ணிக்கை ஓரளவு குறையக்கூடும். திறந்தவெளிப் பூண்டு வயலிலோ, பக்கத்துத் தானியப் பயிரோ தீவனப் பயிரோ முற்றிக் காயும்போதும் அறுவடையாகும்போதும், அங்கிருந்த இலைப்பேன்கள் கூட்டம் கூட்டமாகப் பசுமையைத் தேடிப் பூண்டுக்கு வந்து இறங்கும். அத்தனையையும் அட்டையால் வாரிப் பிடித்துவிடலாம் என்பது விற்பவரின் நம்பிக்கை. வளர்ப்பவர் அதற்குப் பங்காளியாக வேண்டியதில்லை.

அறிவிக்கும் வேலையில் அட்டையின் மதிப்பு எங்கே வெளிப்படுகிறது என்றால், இலையில் வெள்ளிக்கோடு தோன்றுவதற்கு முந்திய நாட்களில்தான். இலைப்பேன் சுரண்டிய இடத்தில் திசுவுக்குள் காற்றுப் புகுந்து வெள்ளி போல் பளபளக்கும் கோடுகள் உண்டாகின்றன. அவற்றின்மேல் கரும்புள்ளிகளாக அதன் எச்சம் கிடக்கும். இந்த அடையாளம் கண்ணுக்குப் படும்போது குருத்துக்குள் குஞ்சுகள் பெருகி முடிந்திருக்கும். அட்டையோ, முதலில் வந்து இறங்கும் சில பூச்சிகளையே காட்டிக்கொடுக்கிறது. பூண்டில் இந்த முன்னறிவிப்பு சில நாட்கள் கிடைத்தாலும் பயன் பெரிது. ஏனெனில் கிழங்கு திரளத் தொடங்கும் காலத்தில் இலைப்பரப்பு வீணானால் பற்கள் சிறுத்துப்போகும். அதே தாக்குதல் பூண்டுத் தாள் பழுத்துச் சாயும் காலத்தில் வந்தால் விளைச்சலுக்குப் பெரிய கேடில்லை. எந்த வாரத்தில் வந்தது என்று தெரிந்தவர் தெளிக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று முடிவெடுக்க முடியும்.

அட்டையை எங்கே, எப்படிக் கட்டுவது என்பதில்தான் பலர் அதன் பயனை இழக்கிறார்கள். வயல் நடுவில் ஆள் உயரக் கம்பில் கொடி ஏற்றுவதுபோல் கட்டப்பட்ட அட்டைகளைப் பார்த்திருக்கிறேன்; இலைப்பேனோ பயிரின் உச்சியை ஒட்டியே பெரும்பாலும் பறக்கும் பூச்சி. அட்டையின் கீழ் விளிம்பு இலை நுனிகளுக்குச் சற்று மேலே இருக்கும்படி நெட்டுக்குத்தாகக் கட்டி, பயிர் வளர வளர உயர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆகவே உயரத்தை மாற்ற வசதியாகக் குச்சியில் பிடிப்பானால் பொருத்துவது கம்பியால் இறுக்கிக் கட்டுவதைவிட மேல். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்த வரப்பையும், முற்றிய பயிரோ களைக்காடோ உள்ள பக்கத்தையும் ஒட்டிப் பாதிக்கு மேற்பட்ட அட்டைகளை நிறுத்தி, மிச்சத்தை உள்ளே பரவலாக வைத்தால், பூச்சி நுழையும் வழி தெரியும். ஒவ்வோர் அட்டையிலும் கட்டிய நாளையும் இடத்தையும் அழியாத மையால் எழுதாவிட்டால், கழற்றி வந்து மேசையில் பரப்பிய பிறகு எல்லாம் ஒரே நீலமாகத்தான் இருக்கும்.

அட்டையைப் படிப்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். வெறுங்கண்ணுக்கு அட்டையின்மேல் தெரிவது கரும்புள்ளிகளும் சிறு கீறல்களும்தான். லென்ஸை வைத்துப் பார்த்தால், பசையில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மெல்லிய நீளுடலும், குச்சி போன்ற இறக்கையின் விளிம்பில் வரிசையாக நீட்டி நிற்கும் நுண்மயிர்களும் தெளிவாகத் தெரியும். இறக்கையில் இப்படி மயிர் விளிம்பு இருப்பதுதான் இலைப்பேனின் அடையாளம். அருகிலேயே ஒட்டியிருக்கும் சிறு ஈக்களுக்கு உருண்ட தலையும் அகன்ற கண்ணாடி இறக்கையும் இருக்கும். அசுவினிக்குப் பேரிக்காய் வடிவ உடல் இருக்கும். சில நாட்கள் பழகினால் குழப்பம் தீர்ந்துவிடும். முழு அட்டையையும் எண்ணத் தொடங்கினால் பொறுமை தீரும். நடுவில் மேலிருந்து கீழாக ஓர் அங்குல அகலப் பட்டையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதை மட்டும் எண்ணினால் போதுமான அளவு நம்பகமான ஒப்பீடு கிடைக்கிறது. இந்த வேலையில் தனி எண்ணுக்கு மதிப்பில்லை. சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை வைத்துப் பார்க்கும்போது தெரியும் ஏற்றமும் இறக்கமும்தான் நமக்கு வேண்டியவை. குளிர்ந்த நாட்களிலும் காற்று பலமாக அடிக்கும் நாட்களிலும் இலைப்பேன் அதிகம் பறப்பதில்லை என்பதால், அந்த வாரத்துக் குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதியடைந்துவிடக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு. உற்பத்தியாளர்கள் இதை ஒருபோதும் சொல்வதில்லை. நீலத்துக்கு வருவது வெங்காய இலைப்பேன் மட்டுமன்று. பக்கத்தில் பூத்துக் குலுங்கும் களையோ பயிரோ இருந்தால், பூண்டைத் தொடாத பூ இலைப்பேன்களும் வந்து அப்பிக்கொள்ளும். அட்டை கறுத்திருக்கும், பயிரோ சுத்தமாக இருக்கும். எதிர்மாறாக, குருத்துக்குள் குஞ்சுகள் நிறைந்திருக்கையில் அட்டை வெறுமையாக இருப்பதும் உண்டு. இந்தக் காரணத்தால் அட்டையில் எண்ணிக்கை ஏறியதைக் கண்டவுடன் மருந்துக் கலத்தைத் தோளில் மாட்டுவது தவறு. அடுத்துச் செய்ய வேண்டியது செடியைப் பார்ப்பது. பூண்டின் இலை வெங்காயத் தாள் போல உருண்டு குழலாக இராமல், தட்டையாக நடுவில் மடிந்த வாகில் இருக்கும். உள்ளிருந்து வரும் இளங்குருத்தை இரு விரல்களால் மெல்ல விரித்து, இலையும் தண்டும் சேரும் இடுக்கில் பார்த்தால், வெளிச்சம் பட்டதும் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும் மஞ்சள் குஞ்சுகள் தென்படும். வயலின் வெவ்வேறு இடங்களில் செடிகளை இப்படிப் பார்த்து, இலை ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். வெங்காயத்தில் இலைக்கு 1 முதல் 3 இலைப்பேன் என்ற அளவுகோல், பயன்படுத்தும் மருந்தைப் பொறுத்து, பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பூண்டுக்கும் அதையே ஒரு தொடக்கக் குறியாக வைத்துக்கொண்டு, பயிரின் வயதைச் சேர்த்து முடிவெடுப்பது என் வழக்கம். வெள்ளைத் தாளின்மேல் செடியைச் சாய்த்துத் தட்டிப் பார்க்கும் முறையும் உதவும் என்றாலும், குருத்தின் அடியில் இருப்பவை அவ்வளவு எளிதில் உதிர்வதில்லை.

பூண்டின் எல்லாப் பகைவர்களையும் இந்த அட்டை காட்டிவிடும் என்று எண்ணி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. இளம் இலைகள் விரியாமல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, மஞ்சள் கோடுகளோடு வெளிவந்தால், பெரும்பாலும் இலைப்பேனைத்தான் பழிசொல்வோம். உண்மையில் அது, ஏசீரியா துலிப்பே என்ற நுண்சிலந்தியின் வேலையாக இருக்கலாம். அது பூச்சியினமே அன்று, 0.2 மில்லிமீட்டர் அளவில் சுருட்டு வடிவில் இருக்கும் அதற்கு இறக்கை கிடையாது. விதைப் பற்களுக்குள்ளேயே ஒளிந்து சேமிப்புக் கிடங்கைத் தாண்டி வயலுக்கு வரும் அது வைரஸ்களையும் சுமந்து வருகிறது. அட்டை எத்தனை கட்டினாலும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. நடுவதற்கு முன்பே பற்களைப் பிரித்து, சுருங்கியும் பழுப்பேறியும் இருப்பவற்றை ஒதுக்குவதும், நோயற்ற விதைப் பூண்டை வாங்குவதும்தான் அதற்குப் பொருத்தமான காவல். வேரடியில் புகுந்து அழுகச் செய்யும் வெங்காய ஈயின் புழு, இரவில் இளஞ்செடியை அடியோடு வெட்டும் வெட்டுப்புழு ஆகியவையும் அட்டையின் கண்ணுக்குத் தப்பியவையே. வெங்காய ஈ அட்டையில் எப்போதாவது ஒட்டும். ஆனால் வெளுத்து வாடிய செடியைப் பிடுங்கி அடிப்பகுதியைப் பிளந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது. சரியாக மட்காத எருவை நடவுக்குச் சற்று முன் இட்ட பாத்திகளில் ஈக்களின் தொல்லை கூடும் என்பதால், அங்கே தேடிப் பார்க்க வேண்டும். வெங்காயக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் லீக் அந்துப்பூச்சி உள்ள பகுதிகளில் அதற்கென்று தனி இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதே முறை.

அட்டை எச்சரித்து, செடியும் அதை உறுதி செய்த பிறகு என்ன செய்வது என்பது இந்த மதிப்புரைக்கு வெளியே உள்ளது போலத் தோன்றலாம். ஆனால் அட்டையின் மதிப்பே அதற்கடுத்த செயலில்தான் இருக்கிறது. தொடக்க நிலையில், வேப்பங்கொட்டையின் செயல்பொருளான அசாடிராக்டின் கொண்ட வேம்புக் கலவையே என் முதல் தேர்வு. அது பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை; தின்பதை நிறுத்துகிறது, குஞ்சுகள் தோலுரிப்பதற்குத் தேவையான இயக்குநீரின் செயலைக் குலைக்கிறது. ஆகவே பெருகி முடிந்த கூட்டத்தின்மேல் தெளித்துவிட்டு மறுநாள் போய்ப் பார்த்து, வேம்பு வேலை செய்யவில்லை என்று குறைகூறுவதில் நியாயமில்லை. குஞ்சுகள் தலைகாட்டும் தொடக்கத்திலேயே தெளித்தால்தான் அது பயன் தரும், அந்தத் தொடக்கத்தைச் சொல்வதற்குத்தான் அட்டை. புட்டியில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து வாங்க வேண்டும்: 10000 பிபிஎம் என்றால் அசாடிராக்டின் 1 சதவீதம், 300 பிபிஎம் என்றால் 0.03 சதவீதம். இரண்டுக்கும் ஒரே அளவு கலந்தால் ஒன்றில் வீண், மற்றொன்றில் வெறும் தண்ணீர். வெயிலில் அசாடிராக்டின் விரைவாகச் சிதைவதால் மாலையில் தெளிப்பதும், காரத்தன்மை மிக்க தண்ணீரைத் தவிர்ப்பதும், கலந்ததை மறுநாளைக்கு வைக்காமல் அன்றே தீர்ப்பதும் அவசியம்.

எந்த மருந்தானாலும் பூண்டில் தோற்பது பெரும்பாலும் தெளிக்கும் முறையால்தான். இலையின்மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. இலையும் செங்குத்தாக நிற்கிறது. துளி விழுந்த கணமே திரண்டு உருண்டு தரையில் விழுகிறது. ஒட்டு திரவம் சேர்க்காத தெளிப்பு, வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு மனநிறைவைத் தருமே தவிரக் குருத்தில் இருக்கும் குஞ்சுக்குத் தெரியவே தெரியாது. நுண்துளியாகக் கூம்பு வடிவில் சிதறும் தெளிப்பு முனையைச் செடியின் நடுப்பகுதிக்கு நேராகக் காட்டி, இலை இடுக்குகளுக்குள் நீர் இறங்கும் அளவுக்கு நனைக்க வேண்டும். வேம்பு தாங்காத அளவுக்குப் பெருகியிருந்தால், மண் பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் ஸ்பைனோசாட் நல்ல பலன் தரும். ஈரமாக இருக்கும்போது அது தேனீக்களைக் கொல்லும் என்பதால், பூக்கள் அருகில் இருந்தால் தேனீக்கள் அடங்கிய மாலையில்தான் தெளிக்க வேண்டும். எந்த மருந்தின் உறையிலும் பூண்டுக்கு அனுமதி இருக்கிறதா, தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்று படிக்காமல் கலக்கக் கூடாது. ஒரே வகை மருந்தைத் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டே போனால் வெங்காய இலைப்பேன் எதிர்ப்புத்திறனை வளர்த்துக்கொள்ளும். பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கு எதிராக அது பல நாடுகளில் இப்படி மாறியிருக்கிறது. செயல்படும் விதம் வேறான மருந்துக்கு அடுத்த தலைமுறையில் மாறுவதுதான் வழி. தெளித்த பின் அட்டையின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்ப்பது ஓரளவுக்கு உதவும். அது இறங்காமல் இருந்தால் மருந்து தோற்றதா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா என்பதை, செடியில் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். குஞ்சு குறைந்து, பறப்பவை மட்டும் கூடியிருந்தால் வரப்பைத் தாண்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வைரஸ் உள்ள பகுதிகளில் இந்த முன்னறிவிப்புக்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. வெங்காயத்தையும் பூண்டையும் தாக்கும் ஐரிஸ் மஞ்சள் புள்ளி வைரஸை இலைப்பேன் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே உடலுக்குள் ஏற்றுக்கொள்கிறது; பிறகு இறக்கை முளைத்துப் பறந்து போய்ப் பரப்புகிறது. ஆகவே நோயுற்ற செடிகளில் குஞ்சு பெருகவிடாமல் தடுப்பது, அங்கிருந்து பறப்பவற்றை அட்டையில் பிடிப்பதைவிட எத்தனையோ மடங்கு பயனுள்ளது. தானாக முளைத்த பழைய பூண்டு, வெங்காயச் செடிகளை வயலோரத்தில் விட்டுவைத்துக்கொண்டு அட்டைக்குச் செலவு செய்வது வீண்.

மருந்தில்லா வழிகளில் வைக்கோல் மூடாக்கை அட்டைக்கு மேலாகவே நான் மதிக்கிறேன். மண்ணில் கூட்டுப்புழுவாக இறங்கும் பருவத்தை அது குலைக்கிறது, இரைவிழுங்கிப் பூச்சிகளுக்குப் புகலிடம் தருகிறது, மண் ஈரத்தையும் காக்கிறது. வறண்ட வெப்பமான வானிலையில்தான் இலைப்பேன் பெருகும். பலத்த மழையும் தூவல் பாசனமும் குஞ்சுகளை அடித்துத் தள்ளும், ஆயினும் இலை நீண்ட நேரம் நனைந்திருந்தால் பூசண நோய் வரும் என்பதால் காலையில் பாய்ச்சி மாலைக்குள் உலரவிட வேண்டும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய பயிரை இலைப்பேன் விரும்பித் தேடி வரும். இவற்றில் எதையும் அட்டை விற்பவர் சொல்லித் தரமாட்டார்.

நன்மை செய்யும் பூச்சிகளும் அட்டையில் சாகின்றன என்பதை மறைக்கக் கூடாது. இலைப்பேனைத் தின்னும் ஓரியஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சி, கண்ணாடி இறக்கைப் பூச்சி, இலைப்பேன்களையே தின்னும் வரி இலைப்பேன், பொறிவண்டு எல்லாம் பசைக்குத் தப்புவதில்லை. நீலம் தேனீக்களையும் ஈர்க்கும். குறைவான எண்ணிக்கையில் கண்காணிப்புக்காக வைக்கும்போது இந்த இழப்பு பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஒழிப்பதற்கென்று வயல் முழுக்க நெருக்கி நடும்போது, யாருக்கு எதிராகப் பொறி வைத்தோம் என்ற கேள்வி எழுகிறது. சிறு பறவைகளும் பல்லிகளும் ஒட்டிக்கொள்வதைத் தவிர்க்க, அட்டையைச் சுற்றி அகன்ற கண்ணிகள் உள்ள கம்பிக்கூடு ஒன்றை வைப்பது நல்லது.

மஞ்சள் அட்டையோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: அசுவினி, வெள்ளை ஈ, இலைதுளைக்கும் ஈக்கள் ஆகியவற்றுக்கு மஞ்சள் சிறந்தது. இலைப்பேன் மஞ்சளுக்கும் வரும், வெள்ளைக்கும் வரும். ஆனால் மஞ்சளில் மற்ற பூச்சிகள் குவிவதால் இலைப்பேனைத் தேடி எண்ணுவது சலிப்பூட்டும் வேலை. பூண்டுக்கென்றால் நீலமே வசதி. சில நிறுவனங்கள் மெத்தில் ஐசோநிகோட்டினேட் என்ற மணப்பொருள் நிறைத்த சிறு உறையை அட்டையோடு சேர்த்து விற்கின்றன. அதைத் தொங்கவிட்டால் அட்டையில் பிடிபடும் எண்ணிக்கை கூடும் என்பது உண்மைதான். ஆனால் மணப்பொருள் உள்ள அட்டையின் எண்ணையும் இல்லாத அட்டையின் எண்ணையும் ஒப்பிட முடியாது. பருவம் முழுவதும் ஒரே வகையைப் பயன்படுத்த வேண்டியிருக்கும். என் தேவைக்கு வெறும் அட்டையே போதுமானதாக இருக்கிறது. பூச்சித் தடுப்பு வலையைப் பொறுத்தவரை, ஈக்களையும் அந்துப்பூச்சிகளையும் தடுக்கும் கண்ணளவுள்ள வலை இலைப்பேனைத் தடுக்காது. இலைப்பேனைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலை காற்றோட்டத்தைக் குறைத்து, உள்ளே வெப்பத்தை ஏற்றிவிடும். வெப்பமோ இலைப்பேனுக்கு விருந்து.

வாங்குவதானால் கட்டம் அச்சிட்ட, தடிமனான, இருபுறமும் பசையுள்ள அட்டையாகப் பார்த்து, பருவத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். வெப்பமான இடத்தில் அடுக்கி வைத்த பழைய இருப்பில் பசை பாதுகாப்புத் தாளோடு உரிந்து வந்துவிடும். உரிக்கும்போது முழுத் தாளையும் வீட்டிலேயே உரிக்காமல், வயலில் கம்பில் பொருத்திய பிறகு மேலிருந்து கீழாக உரித்தால் கையும் சட்டையும் தப்பும். புழுதி படிந்தாலும் பூச்சியால் நிறைந்தாலும் அட்டை குருடாகிவிடும் என்பதால், ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கொரு முறை மாற்றுவதற்குக் கணக்கிட்டு வாங்க வேண்டும். பூண்டுத் தாள் பழுத்துச் சாயத் தொடங்கியதும் எண்ணுவதை நிறுத்திவிடலாம். அறுவடைக்கு முன் எல்லா அட்டைகளையும் எண்ணிக் கழற்றி, பசையுள்ள பக்கங்கள் உள்ளே இருக்கும்படி மடித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஒன்று தப்பினாலும் பிடுங்கிப் போட்ட பூண்டின் தாளோடு ஒட்டிக்கொண்டு, உலர்த்தும் இடம் வரை வந்துவிடும்.